வாசகர் கேள்வி-பதில்: கிட்னிக்கு எவ்வளவு ரத்தம் போகிறது?

போன இதழில் கதிரியக்க ஊசி போட்டுச் செய்யும் கிட்னி ஸ்கேனைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரி போதவில்லை என்று வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால் தெரிகிறது. வேலூரில் நியூக்ளியர் மெடிசின் பிரிவில் வேலை பார்ப்பதால் இதே கேள்விகளை வெயிட்டிங் ஹாலிலும் என்னிடம் கேட்கிறார்கள், ஆனால் அங்கே நின்று முழுசாகப் பதில் சொல்ல முடிவதில்லை, உள்ளே அடுத்தவருக்கு மருந்து தயாராகிக் கொண்டிருக்கும். அதனால் இந்த இதழ் முழுக்க இந்த ஒரு விஷயம்தான்.

கேள்வி: டாக்டர், என் வீட்டுக்காரருக்கு 38 வயது. லுங்கி தறி வேலை. மூணு மாத்திரை போட்டும் பிபி 170-க்குக் கீழே இறங்கவில்லை. ரத்தத்தில் உப்பு பார்த்தார்கள், நார்மல். வயிற்று ஸ்கேனில் இடது கிட்னி கொஞ்சம் சின்னதாக இருக்கிறதாம். இப்போது கதிர்வீச்சு ஊசி போட்டு கிட்னிக்கு ரத்தம் சரியாகப் போகிறதா என்று பார்க்க வேண்டும் என்கிறார்கள். உப்பு சரியாக இருக்கும்போது இது எதற்கு?
— வாசகி, குடியாத்தம்

பதில்: அம்மா, நீங்கள் உப்பு என்று சொல்கிற கிரியாட்டினின், இரண்டு கிட்னியும் சேர்ந்து செய்த வேலையின் மொத்தக் கணக்கு. எந்தப் பக்கம் எவ்வளவு செய்தது என்று அதில் தெரியாது. ஒரு பக்கம் சுணங்கினால் மறுபக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்துவிடும், ரிப்போர்ட்டில் நார்மல் என்றே வரும். மொத்த வடிகட்டும் திறனில் ஏறக்குறைய பாதி போன பிறகுதான் கிரியாட்டினின் கவனிக்கும்படி ஏற ஆரம்பிக்கும். அதனால் "உப்பு நார்மல், கிட்னி நல்லா இருக்கு" என்று யாராவது சொன்னால், அது இரண்டு கிட்னியையும் பற்றிய சான்றிதழ் இல்லை.

இரண்டு கிட்னியும் சேர்ந்து சுமார் 300 கிராம்தான், உடம்பு எடையில் அரை சதவீதம்கூட வராது. ஆனால் இதயம் வெளியே தள்ளுகிற ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல், அதாவது நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல், அங்கேதான் போகிறது. கிட்னி உயிரோடு இருக்க இவ்வளவு ரத்தம் தேவையில்லை, உடம்பு ரத்தத்தை வடிகட்டித் தருவதற்காக அவ்வளவு போகிறது. அந்த ரத்தக்குழாய் ஒரு பக்கம் சுருங்கினால், அந்தக் கிட்னிக்கு அழுத்தம் குறைந்து வருகிறது. அதுவோ உடம்பு முழுக்கவே பிபி குறைந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு ரெனின் என்ற பொருளைச் சுரக்கிறது, அது ரத்தக்குழாய்களை இறுக்கும் ஆஞ்சியோடென்சின் உருவாக வழி செய்கிறது, பிபி மேலே மேலே போகிறது. மூணு மாத்திரைக்கும் அடங்காத பிபி, 38 வயது, ஒரு கிட்னி சின்னது என்று மூன்றும் சேர்ந்து வந்தால் எந்த டாக்டருக்கும் முதலில் இந்தச் சந்தேகம்தான் வரும். நம் நாட்டில் இளவயதுக்காரர்களுக்கு இந்தச் சுருக்கம் வர டகயாசு என்கிற ரத்தக்குழாய் அழற்சி ஒரு முக்கியமான காரணம். வயதானவர்களுக்கும் பல வருடம் புகைத்தவர்களுக்கும் பெரும்பாலும் கொழுப்புப் படிவு.

அவருக்குச் செய்யப் போவது அநேகமாக காப்டோபிரில் ரீனோகிராமாக இருக்கும். ரீனோகிராம் என்றால் ஊசி மருந்து ஒவ்வொரு கிட்னியிலும் ஏறி இறங்குவதை நிமிடக் கணக்கில் கோடாக வரைந்து காட்டும் ஸ்கேன், காப்டோபிரில் ஒரு பிபி மாத்திரை. ரத்தம் குறைவாக வரும் கிட்னி, வடிகட்டியில் இருந்து வெளியே போகும் நுண்குழாயை இறுக்கிப் பிடித்து உள்ளே அழுத்தத்தைக் காப்பாற்றிக் கொண்டிருக்கும். அந்த இறுக்கத்தைக் கொடுப்பது ஆஞ்சியோடென்சின். ஸ்கேனுக்கு ஒரு மணி நேரம் முன்னால் காப்டோபிரில் 25 அல்லது 50 மில்லிகிராம் கொடுத்து அந்த ஆஞ்சியோடென்சினைத் தடுத்துவிட்டால் பிடி தளர்ந்துபோகும், அந்தப் பக்கத்து வடிகட்டல் சட்டென்று விழும், ஸ்கேனில் அந்தப் பக்கத்துக் கோடு தனியாகத் தாழும். மாத்திரை இல்லாமல் எடுத்த ஸ்கேனோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இப்போதெல்லாம் டாப்ளர், சிடி ஆஞ்சியோகிராம் இரண்டையும்தான் பல இடங்களில் முதலில் செய்கிறார்கள். அவை சுருக்கம் இருக்கிறதா என்று காட்டும். அந்தச் சுருக்கத்தால் கிட்னி உண்மையிலேயே திண்டாடுகிறதா என்பதற்கு இந்த ரீனோகிராம் உதவும். இரண்டு பக்கமும் சுருக்கம் இருந்தாலோ, கிட்னி வேலை ஏற்கெனவே நன்றாகக் குறைந்திருந்தாலோ இந்த முடிவை அவ்வளவாக நம்ப முடியாது. இன்னொன்று, அவர் போடும் மாத்திரைகளில் "-பிரில்" என்றோ "-சார்டன்" என்றோ முடியும் பெயர் இருந்தால் சில நாட்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்லலாம். சொல்கிறவர் உங்கள் டாக்டராக இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாரென்று, இந்தப் பதிலைப் படித்தோமென்று நீங்களாக நிறுத்தாதீர்கள், 170 பிபியோடு அது விளையாட்டில்லை.

கேள்வி: பி.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். ஊசி கையில் போடுகிறார்கள், கேமரா முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. வெளியே வரும் காமா கதிரை எண்ணிவிட்டு உள்ளே ஓடும் ரத்தம் நிமிடத்துக்கு இத்தனை மில்லி என்று எப்படிச் சொல்ல முடியும்?
— வாசகர், காட்பாடி

பதில்: தம்பி, இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை நீட்டி எழுதலாம்.

அடிப்படை 1870-ல் அடால்ஃப் ஃபிக் என்ற ஜெர்மன் உடலியல் அறிஞர் சொன்ன கணக்கு. ஓர் உறுப்பு ஒரு நிமிடத்தில் ஒரு பொருளை எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்று தெரிய வேண்டும். உள்ளே போகும் ரத்தத்திலும் வெளியே வரும் ரத்தத்திலும் அந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்றும் தெரிய வேண்டும். எடுத்துக்கொண்டதை அந்த வித்தியாசத்தால் வகுத்தால் ரத்த ஓட்டம். உங்கள் ஊர் ஜங்ஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். வைத்தியத்துக்காக வேலூர் வருகிறவர்கள் ஒவ்வொரு ரயிலிலும் சரியாக 100 பேர், அத்தனை பேரும் காட்பாடியிலேயே இறங்கிவிடுகிறார்கள் என்று வையுங்கள். பிளாட்ஃபாரத்தையே பார்க்காமல் வெளிவாசலில் நின்று எண்ணலாம், 500 பேர் வெளியே வந்தால் 5 ரயில் வந்திருக்கிறது. நூறில் 20 பேர்தான் இறங்குவார்கள் என்றால் அதே 500 பேருக்கு 25 ரயில். ஆக, வெளியே வந்தவர்களை எண்ணுவது மட்டும் போதாது, நூற்றுக்கு எத்தனை பேர் இறங்குவார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

கிட்னியில் இந்த "நூற்றுக்கு எத்தனை" மருந்துக்கு மருந்து மாறும், எங்கள் வேலையில் பாதி அதைச் சுற்றித்தான். 1940-களில் நியூயார்க்கில் ஹோமர் ஸ்மித்தும் அவரோடு இருந்தவர்களும் பாரா-அமினோ ஹிப்புரேட் என்ற பொருளை வைத்து அளந்தார்கள். கிட்னி வழியாக ஒரு தடவை ரத்தம் போய் வந்தாலே அதில் 90 சதவீதம் வரை பிரிந்துவிடும். கிட்டத்தட்ட எல்லாமே இறங்கிவிடுகிறது என்று எடுத்துக்கொண்டு, ரத்தத்தில் இருந்து அது நீங்கும் வேகத்தையே பிளாஸ்மா (ரத்தத்தில் அணுக்கள் போக மீதி இருக்கும் நீர்ப்பகுதி) ஓட்டம் என்று கணக்கிட்டார்கள். மீதி 10 சதவீதம் தப்பிப் போவதால் "எஃபெக்டிவ்" பிளாஸ்மா ஓட்டம் என்ற பெயர். ஆரோக்கியமானவருக்கு அது நிமிடத்துக்கு 600 மில்லி அளவில் இருக்கும். ரத்தத்தில் சிவப்பணு 45 சதவீதம் என்றால் பிளாஸ்மா 55, ஆக 600-ஐ 0.55-ஆல் வகுங்கள், ஏறக்குறைய 1,090 மில்லி முழு ரத்தம். முன்னால் சொன்ன ஒரு லிட்டருக்குச் சற்று மேல் என்ற கணக்கோடு இது பொருந்துகிறதா, பாருங்கள்.

அந்த முறையில் டிரிப் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும், ரத்தமும் சிறுநீரும் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும், நோயாளி பாவம் பாதி நாள் படுத்திருக்க வேண்டும். 1950-களின் நடுவில் கதிரியக்க அயோடின் ஏற்றிய மருந்தைச் செலுத்தி முதுகில் இரண்டு பக்கமும் டிடெக்டர் வைத்து எண்ணிப் பார்த்தார்கள், ரீனோகிராம் அப்படித்தான் பிறந்தது. 1960-ல் அயோடின்-131 ஏற்றிய ஹிப்புரான் வந்தது. அது பாரா-அமினோ ஹிப்புரேட்டுக்கு மிக நெருங்கிய உறவு, கிட்னி நன்றாகவே பிடித்துக்கொள்ளும், ஆனால் அயோடின்-131-இன் அரை ஆயுள் 8 நாள், பீட்டா கதிரும் உண்டு, அதனால் கொஞ்சமாகத்தான் கொடுக்க முடியும், படம் மங்கல்.

இப்போது நாங்கள் தினமும் கையாள்வது டெக்னீசியம்-99எம். அரை ஆயுள் 6 மணி நேரம், 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா, காமா கேமராவின் சோடியம் அயோடைடு படிகத்துக்குப் பொருத்தமான சக்தி. மாலிப்டினம்-99 அடைத்த ஜெனரேட்டர் துறைக்கு வந்து சேரும், அதன் அரை ஆயுள் 66 மணி நேரம். காலையில் அதில் உப்புநீரைச் செலுத்தி டெக்னீசியத்தைப் பிரித்தெடுத்து, கிட் பாட்டிலில் இருக்கும் மருந்தோடு கலக்கிறோம். எந்த மருந்து என்பதில்தான் விஷயம் இருக்கிறது. டிடிபிஏ வடிகட்டியில் மட்டும் இறங்கும், ஒரு சுற்றில் 20 சதவீதம். அதனால் அது காட்டுவது வடிகட்டும் வேகத்தை, அதாவது ஜிஎஃப்ஆரை. 1986-ல் வந்த மேக்-3 கிட்னிக்குள் சிறுநீர் ஓடும் நுண்குழாய்ச் சுவர் வழியாக இறங்கும், ஒரு சுற்றில் ஏறக்குறைய பாதி. நம் நாட்டில் பல துறைகளில் புழங்கும் ஈ.சி. அதைவிடக் கூடுதலாக இறங்கும். மேக்-3, ஈ.சி. இரண்டும் ரத்த ஓட்டத்தோடு நெருக்கமானவை, ஆனாலும் திருத்தக் கணக்கு போடாமல் நேராக ரத்த ஓட்டம் என்று எழுத முடியாது.

இனி கேமரா. மருந்தை முழங்கை மடிப்பு நரம்பில் ஒரே மூச்சில், பின்னாலேயே உப்புநீரைத் தள்ளி, செலுத்த வேண்டும். முதல் ஒரு நிமிடம் ஒன்று அல்லது இரண்டு நொடிக்கு ஒரு படம். இதயம் தெரியும், அயோர்ட்டா கோடாக இறங்கும், அடுத்த சில நொடிகளில் இரண்டு கிட்னியும் சேர்ந்தாற்போல் பளிச்சென்று வரும். ஒரு பக்கம் பிந்தினாலோ மங்கினாலோ அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். அப்புறம் 20, 30 நிமிடம் மெதுவான படங்கள். இரண்டாவது, மூன்றாவது நிமிடத்துக்குள் மருந்து கிட்னியில் சேர்ந்திருக்கும், இன்னும் கீழே இறங்கியிருக்காது. அந்தச் சின்ன இடைவெளியில் இடதும் வலதும் எவ்வளவு பிடித்தன என்று எண்ணித்தான் 52, 48 என்ற பங்கு வருகிறது. நல்ல கிட்னியின் கோடு 3 முதல் 5 நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய் இறங்க ஆரம்பிக்கும்.

இதில் உங்கள் இயற்பியல் வந்து இடிக்கும் இடம் ஆழம். 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா உடம்புத் தசையில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் சுமார் 14 சதவீதம் குறைகிறது. கிட்னி முதுகுத் தோலில் இருந்து 6 சென்டிமீட்டர் உள்ளே இருந்தால், கேமராவுக்கு வந்து சேர்வது பாதிக்கும் கீழே. உயரமும் எடையும் வைத்து ஆழத்தை ஒரு சூத்திரத்தால் மதிப்பிடுவது வழக்கம், 1982-ல் கேட்ஸ் என்பவர் சொன்ன முறை இன்றும் பல கம்ப்யூட்டர்களில் ஓடுவது அப்படித்தான். குண்டான ஒருவருக்குச் சூத்திரம் ஒரு சென்டிமீட்டர் தப்பினால் ஜிஎஃப்ஆர் எண்ணும் அதே அளவுக்குத் தப்பும். துல்லியம் கட்டாயம் வேண்டுமென்றால் ஊசி போட்டு 2 மணி நேரத்துக்கு மேல் இரண்டு மூன்று தடவை ரத்தம் எடுத்து, மருந்து ரத்தத்தை விட்டு நீங்கும் வேகத்தைக் கிணறு மாதிரி குழிந்த கவுண்டரில் வைத்து எண்ணுவோம். மெனக்கெடும் வேலைதான், ஆனால் அதில் ஆழத்துக்கு இடமே இல்லை.

உண்மையான ரத்த ஓட்டத்தை, வடிகட்டலைச் சேர்க்காமல், தனியாக அளக்கும் வழிகளும் உண்டு. 1960-களில் கிரிப்டான்-85, செனான்-133 வாயுக்களைக் கரைத்துக் கிட்னி ரத்தக்குழாயிலேயே செலுத்தி, அவை எவ்வளவு வேகமாகக் கழுவப்பட்டு வெளியேறுகின்றன என்று பார்த்தார்கள். இப்போது பெட் ஸ்கேனில் ஆக்சிஜன்-15 ஏற்றிய நீரைப் பயன்படுத்தலாம், அதன் அரை ஆயுள் இரண்டே நிமிடம், அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் இயந்திரம் பக்கத்து அறையில் இருந்தால்தான் ஆகும். இவை ஆராய்ச்சிக்கு. வார்டில் இருக்கும் நோயாளிக்குச் சாதாரண ரீனோகிராம்தான்.

கேள்வி: அடுத்த வாரம் டிடிபிஏ ஸ்கேன். காலை முதல் பஸ்ஸில் வேலூர் வர வேண்டும். வெறும் வயிற்றில் வரணுமா? சுகர் மாத்திரை போடலாமா?
— வாசகர், ஒடுகத்தூர்

பதில்: வெறும் வயிறு வேண்டாம் ஐயா. நாலு இட்லி சாப்பிடுங்கள், சுகர் மாத்திரையை வழக்கம்போல் போடுங்கள், தண்ணீர் குடியுங்கள். இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் அடுத்த நாள் யாராவது ஒருவர் ராத்திரி எட்டு மணியோடு வாயைக் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறார்கள்.

போன சித்திரையில் அணைக்கட்டுப் பக்கத்தில் இருந்து ஒரு விவசாயி வந்தார். வழியில் ஒன்றுக்குப் போக இறங்க முடியாதே என்று முந்தின நாள் மாலையில் இருந்தே தண்ணீரைத் தொடவில்லை. உதடு வெடித்திருந்தது, நாக்கைச் சுழற்றிச் சுழற்றிப் பேசினார். வேறு இடத்தில் எடுத்த பழைய ஸ்கேன் கையில் இருந்தது. இரண்டு கோடும் மேலே ஏறிவிட்டு இறங்காமல் அப்படியே பலகையாகக் கிடந்தன, இரண்டு பக்கமும் அடைப்பு என்று பயமுறுத்தியிருந்தார்கள். அன்று நாங்கள் ஊசியே போடவில்லை. உட்கார வைத்துச் சாப்பிடச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, மறுநாள் நன்றாகக் குடித்துவிட்டு வரச் சொல்லி எடுத்தோம். இரண்டு கோடும் நாலாவது நிமிடத்தில் உச்சிக்குப் போய் ஒழுங்காக இறங்கின. உடம்பில் நீர் வற்றினால் கிட்னி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மருந்து உள்ளேயே தேங்கும், படத்தில் அது அடைப்பு மாதிரி தெரியும். வேலூர் வெயிலில் இதைச் சொல்லாமல் விடுவதே தப்பு என்று நினைக்கிறேன்.

ஸ்கேனுக்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்னால் அரை லிட்டர் தண்ணீர். இதய பலவீனம் உள்ளவர்கள், தண்ணீர் அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்கள் மட்டும் தங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். படுக்கும் முன் ஒன்றுக்குப் போய்விட்டு வாருங்கள், நிறைந்த சிறுநீர்ப்பையும் கோட்டைக் கெடுக்கும். முந்தின நாள் மருந்து ஏற்றி சிடி எடுத்திருந்தால் சொல்லுங்கள், மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாலும் சொல்லுங்கள், இரண்டும் கிட்னி ரத்த ஓட்டத்தை மாற்றும். குடியாத்தம் அம்மா கேட்ட காப்டோபிரில் ஸ்கேன் மட்டும் விதிவிலக்கு, அதற்குச் சில மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொல்வார்கள். அப்போதும் தண்ணீர் உண்டு.

கேள்வி: என் பேத்திக்கு ஏழு மாதம். வயிற்றில் இருக்கும்போதே ஒரு கிட்னி வீங்கியிருக்கிறது என்றார்கள். இப்போது ஊசி போட்டு ஸ்கேன் எடுக்கணுமாம். பச்சைக் குழந்தைக்குக் கதிர்வீச்சா என்று என் மகள் அழுகிறாள். எடுக்காமல் இருந்தால் என்ன?
— வாசகி, ஆரணி

பதில்: அம்மா, உங்கள் மகளின் பயம் எனக்குப் புரிகிறது. வீக்கம் இருப்பது சாதா ஸ்கேனில் தெரிந்துவிட்டது. அந்த வீக்கம் கிட்னிக்குள் சிறுநீர் சேரும் பை வெறுமனே தளர்ந்ததா, உண்மையான அடைப்பா, அந்தப் பக்கத்துக் கிட்னி இன்னும் எவ்வளவு வேலை செய்கிறது என்பது சாதா ஸ்கேனில் தெரியாது. அது தெரியாமல் ஆபரேஷன் என்றும் சொல்ல முடியாது, வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. இப்படி வீங்கிய பல குழந்தைகளுக்குத் தானாகவே சரியாகிவிடுகிறது, அவர்களை வீணாக அறுக்காமல் காப்பாற்றுவதும் இந்த ஸ்கேன்தான்.

மருந்தைக் குழந்தையின் எடைக்குத் தகுந்தபடி குறைத்துத்தான் கொடுப்போம். நடுவில் லேசிக்ஸ் ஊசி, கிலோவுக்கு 1 மில்லிகிராம், சிறுநீரை வேகமாகத் தள்ளுவதற்கு. அதன் பிறகு தேங்கியது பாதியாகக் குறைய 10 நிமிடத்துக்குள் என்றால் அடைப்பு இல்லை எனலாம், 20 நிமிடத்துக்கு மேல் என்றால் அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம், நடுவில் இருந்தால் காத்திருந்து மறுபடி பார்க்க வேண்டியதுதான். இந்த நிமிடக் கணக்கை மட்டும் வைத்து முடிவெடுப்பது எனக்குச் சம்மதமில்லை. ரொம்ப வீங்கிய பையில் அடைப்பே இல்லாவிட்டாலும் மருந்து சுற்றிக்கொண்டிருக்கும். கடைசியில் குழந்தையைத் தோளில் நிமிர்த்தி வைத்து, டயப்பர் நனைந்த பிறகு இன்னொரு படம் எடுக்க வேண்டும், அந்தப் படம் இல்லாத ரிப்போர்ட் முழுசில்லை. அந்தப் பக்கத்துப் பங்கு 40-க்குக் கீழே இருக்கிறதா, அடுத்த ஸ்கேனில் விழுகிறதா, அதுதான் ஆபரேஷனை முடிவு செய்யும் எண்.

மயக்கம் பெரும்பாலும் தேவைப்படாது. வரும் வழியில் தூங்க விடாதீர்கள், ஊசி வழிக்கு வென்ஃப்ளான் போட்ட பிறகு வயிறு நிறையத் தாய்ப்பால் கொடுத்து, துணியில் சுற்றிப் படுக்க வைத்தால் கேமராவுக்கு அடியிலேயே தூங்கிவிடும். அம்மா பக்கத்திலேயே நிற்கலாம், அவர் கர்ப்பமாக இருந்தால் மட்டும் அவருக்குப் பதில் பாட்டி நீங்கள் நில்லுங்கள்.

கேள்வி: ஸ்கேன் எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் பேரனைத் தூக்கலாமா? தனி ரூமில் இருக்கணுமா?
— வாசகி, ஆம்பூர்

பதில்: தனி ரூம் வேண்டாம். அன்றைக்கு மட்டும் சில மணி நேரம் கைக்குழந்தையை மடியிலேயே வைத்துக் கொஞ்ச வேண்டாம், தூக்கிப் பேசிவிட்டு இறக்கி விடுங்கள். உடம்பில் இருக்கும் கதிரியக்கம் 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை பாதியாகி, ஒரு நாளில் பதினாறில் ஒரு பங்காகிவிடும், அதற்கு முன்பே பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். நிறையக் குடித்து, அடிக்கடி ஒன்றுக்குப் போங்கள், கதிர் அதிகம் படும் இடம் சிறுநீர்ப்பைதான். பெரியவர் ஒருவருக்கு டிடிபிஏ ஸ்கேனில் கிடைக்கும் அளவு ஏறக்குறைய 1 முதல் 2 மில்லி சீவர்ட், இயற்கையாகவே மண்ணில் இருந்தும் வானத்தில் இருந்தும் ஆளுக்கு வருடத்துக்கு உலகச் சராசரியாக 2.4 கிடைக்கிறது. பால் கொடுக்கும் தாய்மார்களும் கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் உள்ளவர்களும் ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும், வெட்கப்பட வேண்டாம்.

கேள்வி: அண்ணனுக்கு டயாலிசிஸ் நடக்கிறது, நான் கிட்னி கொடுக்க முன்வந்திருக்கிறேன். ஒரு இடத்தில் ஜிஎஃப்ஆர் 76 என்றார்கள், வேறொரு இடத்தில் 94. எதை நம்புவது? எந்தக் கிட்னியை எடுப்பார்கள்?
— வாசகர், ராணிப்பேட்டை

பதில்: தம்பி, உங்கள் மனசு பெரிசு. 1971-ல் வேலூர் சி.எம்.சி.யில் நடந்த மாற்று ஆபரேஷனைத்தான் நாட்டின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று என்று சொல்வார்கள், அன்று தொட்டு இந்த மாவட்டத்துக்குப் பழகிப்போன தியாகம் இது. கொடுக்கிறவரைப் பாதுகாப்பதுதான் எங்களுக்கு முதல் வேலை, வாங்குகிறவர் இரண்டாவது. இதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்.

76-க்கும் 94-க்கும் நடுவில் என்ன நடந்திருக்கலாம் என்று பாருங்கள். மேலே காட்பாடித் தம்பிக்குச் சொன்ன ஆழக் கணக்கு ஒன்று. ஊசிக்கு முன்னும் பின்னும் சிரிஞ்சைக் கேமராவில் வைத்து எண்ணுவார்கள், அதில் பிசகினாலும் எண் பிசகும். மருந்தில் ஒரு பகுதி நரம்புக்கு வெளியே கசிந்து முழங்கையிலேயே தங்கிவிட்டால் கிட்னிக்குக் குறைவாகத்தான் போயிருக்கும், கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. கிட்னியைச் சுற்றி மவுஸால் வரையும் கோட்டை ஒருவர் இறுக்கி வரைவார், இன்னொருவர் தாராளமாக வரைவார், பின்னணியைக் கழிக்கும் இடம் ஈரலுக்கு மேல் விழுந்துவிட்டால் வலது பக்கம் குறைந்துபோகும். நீங்கள் அன்று எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள் என்பதும் உண்டு.

அதனால் இரண்டில் எது என்று சீட்டுக் குலுக்கிப் போட வேண்டாம். ரத்த மாதிரி எடுத்துச் செய்யும் ஜிஎஃப்ஆர் ஒன்று கேளுங்கள், உடல் பரப்புக்குத் திருத்திய எண்ணா என்றும் கேளுங்கள். 90-க்கு மேல் இருந்தால் பொதுவாக ஏற்றுக்கொள்வார்கள், 60-க்குக் கீழே என்றால் வேண்டாம் என்பார்கள், நடுவில் இருந்தால் வயது, பிபி, சுகர், குடும்பத்தில் கிட்னி நோய் எல்லாம் வைத்து ஆளுக்கு ஆள் முடிவு. உங்கள் அண்ணனுக்கு எதனால் கிட்னி போனது என்று தெரியுமா? பரம்பரை நோயாக இருந்தால் உங்கள் ஜிஎஃப்ஆர் 110 இருந்தாலும் முதலில் அதைப் பார்க்க வேண்டும். என் பக்கத்துத் துறையின் வேலை அது, ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

எந்தப் பக்கம் என்ற கேள்விக்கு, இரண்டும் 45-க்கும் 55-க்கும் நடுவில் இருந்தால் பொதுவாக இடதை எடுப்பார்கள், அந்தப் பக்கத்து சிரை நீளம், தைக்க வசதி. வித்தியாசம் பெரிதாக இருந்தால் நல்ல கிட்னி உங்களுக்கு, குறைந்தது அண்ணனுக்கு. இந்த விதியில் யாரும் விட்டுக்கொடுக்கக் கூடாது, நீங்களும் உணர்ச்சிவசப்பட்டு "நல்லதையே எடுத்துக்கோங்க" என்று சொல்லக் கூடாது.

மாற்றிய பிறகு முதல் நாட்களில் சிறுநீர் சரியாக வராவிட்டால் உங்கள் அண்ணனுக்கும் இதே ஊசி போட்டுப் பார்க்கலாம். அப்போது கேமரா முதுகில் இல்லை, அடிவயிற்றுக்கு மேல். புதுக் கிட்னி அயோர்ட்டாவுக்குப் பின்னாலேயே பளிச்சென்று வந்து, சிறுநீர் மட்டும் இறங்காமல் இருந்தால் அது பெரும்பாலும் அதிர்ச்சியில் இருக்கும் கிட்னி, நாள் போகப் போகத் தேறிவிடும். அந்த இடமே கறுப்பு ஓட்டையாக இருந்தால் ரத்தம் போகவில்லை, அன்றே ஆபரேஷன் தியேட்டர்.

கேள்வி: தோல் ஷாப்பில் வேலை, வயது 51, சுகர் உண்டு, கிரியாட்டினின் 1.6. வருடா வருடம் இந்த ரத்த ஓட்ட ஸ்கேன் எடுத்துக்கொண்டால் நல்லதா?
— வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: தேவையில்லை ஐயா. சுகரால் வரும் கிட்னி பாதிப்பு இரண்டு பக்கமும் சேர்ந்தே வரும், பக்கம் பிரித்துப் பார்த்து உங்களுக்கு ஆகப் போவது ஒன்றுமில்லை. அந்தப் பணத்தையும் ஒரு நாள் சம்பளத்தையும் மிச்சம் பிடியுங்கள். உங்களுக்கு வேண்டியது காலைச் சிறுநீரில் அல்புமின்-கிரியாட்டினின் விகிதம், ரத்தத்தில் கிரியாட்டினின், பொட்டாசியம், மூன்று மாத சுகர் அளவு, பிபி. ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பிபியும் சுகரும் பார்த்துவிடலாம். இடுப்பு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் மாத்திரையை இன்றோடு விட்டுவிடுங்கள், ஷாப்பில் நின்று வேலை பார்க்கிறவர்கள் பலர் இதை மிட்டாய் மாதிரி போடுகிறார்கள். அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி எடுத்துப் போங்கள். 1.6 என்பது போன வருடம் 1.1 ஆக இருந்து ஏறியதா, நாலு வருடமாக அங்கேயே நிற்கிறதா என்பதைப் பார்த்துத்தான் அவர் மருந்தை மாற்றுவார்.